இலைப் படம் போதாது, எந்தச் செடி என்று எழுதுங்கள்

தாவரத்திலிருந்து மாற்று இறைச்சி தயாரிக்கும் நிறுவனங்களுக்கும், அதன் லேபிளில் என்ன இருக்க வேண்டும் என்று விதி எழுதும் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

என் மேஜைமேல் ஒரு காலி அட்டைப்பெட்டி ஏழு மாதமாகக் கிடக்கிறது. குப்பைத் தொட்டியிலிருந்து நானே எடுத்து வந்தது. ஒரு மூலையில் காபித்தூள் கறை இன்னும் இருக்கிறது. முன்பக்கம் பெரிய பச்சை இலை. அதன்கீழ் ‘100% தாவரம்’. அப்புறம் முத்திரை குத்தியதுபோல மூன்று வட்டங்கள்: சோயா இல்லை, குளூட்டன் இல்லை, கொட்டைகள் இல்லை. பர்கருக்குள் வைக்கும் வட்ட வில்லைகள் நான்கு உள்ளே இருந்தன. அவற்றில் ஒன்றை என் தங்கை மகன் சாப்பிட்டான்.

அவனுக்கு ஒன்பது வயது. நிலக்கடலை ஆகாது. தங்கை வெளியூர் போயிருந்ததால் அன்று அவன் என் பொறுப்பு. படிக்காமல் வாங்கிக் கொடுத்துவிட்டேன் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். கடையில் ஃப்ரீசர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பெட்டியின் மேல் படிந்த பனியைக் கட்டைவிரலால் துடைத்துத் துடைத்துப் படித்தேன். நிலக்கடலை என்று எங்கும் இல்லை. ஒவ்வாமைப் பொருள்களைத் தடித்த எழுத்தில் காட்டுவார்களே, அப்படி ஒரு தடித்த எழுத்துகூட இல்லை. நிம்மதியாகத்தான் வாங்கினேன்.

சாப்பிட்டு இருபது நிமிடம் இருக்கும். “மாமா, நாக்கெல்லாம் முள்ளு முள்ளா இருக்கு” என்றான். சூடாகச் சாப்பிட்டிருப்பான் என்று தண்ணீர் கொடுத்தேன். கழுத்தில் தடிப்பு தடிப்பாக வந்தது. வாந்தி எடுத்தான். இருமல் வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. கடும் ஒவ்வாமைக்கென்று அவன் பையில் எப்போதும் இருக்கும் எபிநெஃப்ரின் ஊசியைத் தொடையில் போட்டுவிட்டு ஆம்புலன்ஸை அழைத்தேன். நன்றாகத்தான் இருக்கிறான், கவலைப்பட வேண்டாம். மறுநாள் காலை மருத்துவமனைப் படுக்கையில் உட்கார்ந்து, எனக்கு எதிரான புகார்களை அம்மாவிடம் போனில் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

“என்ன சாப்பிட்டான்?” என்று மருத்துவர் கேட்டபோது “தாவர இறைச்சி” என்றேன். “எந்தத் தாவரம்?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அரை மணி நேரம் நின்று படித்தவன் நான். எனக்கே தெரியவில்லை. இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அந்தக் கேள்விதான்.

பட்டாணி. பெட்டியின் பின்பக்கம், மடிப்பை ஒட்டி, சேர்மானப் பட்டியலில் தண்ணீருக்கு அடுத்த சொல். ‘பட்டாணிப் புரதம்’. என் கண் அதைப் பார்த்திருக்கிறது, ஆனால் நிற்கவில்லை. நிற்க எந்தக் காரணமும் இல்லை. அவன் பட்டாணி சாப்பிடுகிறவன்தான். ஒரு கைப்பிடி தின்று ஒன்றும் ஆனதில்லை.

பிறகு ஒவ்வாமை நிபுணர் விளக்கினார். பட்டாணியும் நிலக்கடலையும் ஒரே குடும்பம், அவரையினம். பட்டாணி விதையில் இருக்கும் விசிலின் என்ற சேமிப்புப் புரதம், நிலக்கடலையில் ஒவ்வாமையைத் தூண்டும் முக்கியப் புரதம் ஒன்றுக்கு உறவு. நிலக்கடலை ஆகாத எல்லோருக்கும் பட்டாணி ஆகாது என்றில்லை. பெரும்பாலானவர்கள் சாப்பிடுகிறார்கள், ஒன்றும் ஆவதில்லை. சிலருக்கு உடம்பு இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்கிறது. சரி, அப்படியென்றால் இத்தனை நாள் ஏன் ஒன்றும் ஆகவில்லை? அளவு. வேகவைத்த பச்சைப் பட்டாணி 100 கிராமில் புரதம் சுமார் 5 கிராம். இந்த மாதிரி வில்லை ஒன்றில் சுமார் 20 கிராம். மாவுச்சத்தையும் நாரையும் நீக்கிவிட்டுப் புரதத்தை மட்டும் பிரித்தெடுத்து அழுத்திச் செய்தது அது. ஒவ்வாமையைத் தூண்டுவதோ புரதம்தான். கிட்டத்தட்ட 400 கிராம் பட்டாணியின் புரதத்தை அந்தப் பையன் ஐந்து நிமிடத்தில் விழுங்கியிருக்கிறான். எந்தப் பிள்ளையும் தட்டில் அவ்வளவு பட்டாணி போட்டுக்கொள்வதில்லை.

நிறுவனத்தாருக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு முதல் காவல் கண். நிலக்கடலை நிலக்கடலை மாதிரி இருக்கும், முட்டை முட்டை மாதிரி இருக்கும். அடுத்த காவல் மூக்கு. லேபிள் மூன்றாவதுதான். உங்கள் பொருளின் திறமையே முதல் இரண்டையும் ஏமாற்றுவதில் இருக்கிறது. பட்டாணி இறைச்சியாகத் தெரிகிறது, இறைச்சியாக மணக்கிறது, வாணலியில் சிவந்து சாறுகூட விடுகிறது. குறையாகச் சொல்லவில்லை, அது உங்கள் கைத்திறன். ஆனால் கண்ணையும் மூக்கையும் எடுத்துக்கொண்டீர்கள் என்றால், மிச்சமிருக்கும் லேபிளாவது இரண்டு மடங்கு பேச வேண்டாமா? ‘தாவரம்’ என்பது எங்களுக்கு ஒரு பதிலே இல்லை. சோயாவும் தாவரம், கோதுமையும் தாவரம், லூபின் என்ற அவரையினப் பயறும் தாவரம், முந்திரியும் தாவரம். ஒவ்வாமைப் பட்டியலில் பாதி தாவரம்தான்.

அதிகாரிகளுக்கு. உங்கள் பட்டியல்களை இந்த ஏழு மாதத்தில் உட்கார்ந்து படித்தேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 ஒவ்வாமைப் பொருள்களைக் கட்டாயம் எடுத்துக்காட்ட வேண்டும். அமெரிக்காவில் 9. இரண்டிலும் பட்டாணி இல்லை. பிரான்ஸில் ஒவ்வாமை மருத்துவர்களின் வலையமைப்பு ஒன்று 2002 முதல் 2020 வரை பதிவான கடுமையான ஒவ்வாமைகளைத் திரும்பிப் பார்த்தது. கட்டாயப் பட்டியலுக்கு வெளியே இருந்தும் திரும்பத் திரும்ப வந்த உணவுகள் என்று எட்டு வகைகளைக் காட்டியது. அதில் பட்டாணியும் மைசூர்ப் பருப்பு வகையும் சேர்ந்து ஒன்று. இன்னொரு பக்கம், 2020 இறுதியில் கூடிய உலக உணவு வேளாண் அமைப்பு, உலக சுகாதார அமைப்பு ஆகியவற்றின் நிபுணர் குழு, உலகம் முழுக்க முன்னுரிமை தர வேண்டிய பட்டியலில் சோயாவை வைக்கவில்லை. தேவைப்படும் நாடுகள் தாங்களே சேர்த்துக்கொள்ளலாம் என்றது. எத்தனை பேரைப் பாதிக்கிறது, எவ்வளவு கடுமையாகப் பாதிக்கிறது என்று அலசித்தான் அந்த முடிவுக்கு வந்தார்கள், மறுக்கவில்லை. ஆனாலும் பட்டியல் என்பது மக்கள் நேற்றுவரை சாப்பிட்டதன் கணக்கு. மாற்று இறைச்சி, நாளை என்ன சாப்பிடுவார்கள் என்பதை மாற்றிக்கொண்டிருக்கிறது.

அதற்காகப் பட்டாணியையும் பட்டியலில் சேருங்கள் என்று மட்டும் கேட்டால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். எள்ளின் கதையைப் படித்தபிறகு கொஞ்சம் தயங்கினேன். அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் எள் ஒன்பதாவது கட்டாய ஒவ்வாமைப் பொருள் ஆனது. ஒரே ஆலையில் எள் கலக்காமல் பார்த்துக்கொள்வது பெரிய வேலை என்று, சில ரொட்டி நிறுவனங்கள் அதுவரை எள் இல்லாதிருந்த ரொட்டியில் வேண்டுமென்றே கொஞ்சம் எள் மாவைச் சேர்த்து, ‘எள் உள்ளது’ என்று லேபிளில் போட்டுவிட்டன! சட்டத்தை மீறவில்லை. எள் ஆகாதவர்களுக்கு அதுவரை சாப்பிட்டுவந்த ரொட்டியும் போயிற்று. பட்டியல் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சேர்க்கும்போது இந்த ஓட்டையை அடைத்துவிட்டுச் சேருங்கள்.

நான் கேட்பது அதைவிடச் சின்னது. பெட்டியின் முன்பக்கம், பொருளின் பெயரோடு, முதன்மைப் புரதம் எதிலிருந்து வந்தது என்று எழுதுங்கள். ‘பட்டாணிப் புரத வில்லை’. ‘சோயா, கோதுமைப் புரதத் துண்டுகள்’. இரண்டு மூன்று சொல். எந்தப் பட்டியலிலும் இல்லாத பொருளுக்கும் இது உதவும், நாளைக்கு வரப்போகும் பயறுக்கும் உதவும்.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் வெளியிட்ட வரைவு வழிகாட்டுதலே, ‘தாவரம் சார்ந்தது’ என்று பொதுவாகச் சொல்லாமல் எந்தத் தாவரம் என்று பெயரில் சொல்லுங்கள் என்கிறது. அது வரைவுதான், கட்டாயமும் இல்லை. கட்டாயமாக்குங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

விற்பனை விழுந்துவிடுமா? குவார்ன் என்ற மாற்று இறைச்சி நிறுவனத்தைப் பாருங்கள். மைக்கோபுரோட்டீன் என்ற பூஞ்சைப் புரதத்தை 1985 முதல் விற்கிறார்கள். 2017-இல் அமெரிக்காவில் ஒரு வழக்கு சமரசமாக முடிந்தபோது, இது ஒரு பூசணம், அரிதாகச் சிலருக்கு ஒவ்வாமை வந்திருக்கிறது என்று பாக்கெட்டிலேயே அச்சிட ஒப்புக்கொண்டார்கள். பூசணம் என்ற சொல்லைச் சாப்பாட்டுப் பாக்கெட்டில் போட்டுவிட்டே விற்க முடிகிறது. பட்டாணி என்று போட்டால் யார் ஓடிப்போகப் போகிறார்கள்?

பெயர் விஷயத்தில் உங்கள் எல்லோருக்கும் ஆர்வம் இல்லாமலும் இல்லை. தாவரத்தில் செய்ததை பர்கர் என்று கூப்பிடலாமா, சாசேஜ் என்று கூப்பிடலாமா என்று எத்தனை ஆண்டுச் சண்டை! 2020 அக்டோபரில் ஐரோப்பிய நாடாளுமன்றம் தடை வேண்டாம் என்றது. 2024 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் பிரான்ஸின் தடையை ஏற்கவில்லை. 2025 அக்டோபரில் அதே நாடாளுமன்றம் தடை வேண்டும் என்று வாக்களித்தது. இறைச்சிக்காரர்கள் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம், நடுவில் வழக்கறிஞர்கள். என்ன பெயரையோ வைத்துக்கொள்ளுங்கள். வில்லை என்றாலும் சரி, உருண்டை என்றாலும் சரி. அது எதனால் செய்தது என்று அந்தப் பெயரில் இருக்கட்டும்.

‘வீகன்’, அதாவது விலங்கிலிருந்து வந்த எதையும் சேர்க்காதது என்ற சொல்லைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பால் ஆகாதவர்கள், முட்டை ஆகாதவர்கள், மீன் ஆகாதவர்கள் எல்லாம் அந்தச் சொல்லைப் பார்த்ததும் நம்பிவிடுகிறார்கள். அது என்ன சேர்த்தோம் என்று சொல்லும் சொல், என்ன கலந்திருக்கலாம் என்று சொல்வதில்லை. 2017 டிசம்பரில் இங்கிலாந்தின் பாத் நகரில், பால் ஒவ்வாமை உள்ள ஒரு பெண், பால் இல்லாதது என்று விற்ற ஓர் உணவைச் சாப்பிட்டு இறந்துபோனார். அதிலிருந்த தேங்காய்த் தயிரில் பால் புரதம் கலந்திருந்தது என்று விசாரணையில் தெரிந்தது. தயிரைக் கெட்டியாக்கச் சேர்த்த ஸ்டார்ச்சின் வழியாக வந்தது அது. கடைக்காரர் வரை வரவே வேண்டாம், எங்கேயோ ஒரு ஆலையில், ஒரு மூட்டை மாவில் முடிந்துவிட்டது. இப்போது நுண்ணுயிரிகளை வைத்து, பசு இல்லாமலே பால் புரதம் செய்கிறார்கள். ‘விலங்கு இல்லாதது’ என்பது அங்கே உண்மை. புரதம் அதே புரதம் என்பதும் உண்மை, பால் ஆகாதவர் உடம்பு பசுவைத் தேடாது.

சேர்மானத்தை மாற்றும்போதும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள். இம்பாசிபிள் பர்கர் என்ற அமெரிக்கத் தாவர வில்லை 2019-இல் கோதுமைப் புரதத்தை விட்டுச் சோயாவுக்கு மாறியது. அவர்கள் அதை வெளிப்படையாகவே அறிவித்தார்கள், கோதுமை ஆகாதவர்களுக்கு அது நல்ல செய்தியும்கூட. ஆனால் எல்லோரும் அறிவிப்பதில்லை. பத்து முறை வாங்கிய பெட்டியை பதினோராவது முறை யாரும் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பதில்லை. புரதம் மாறினால் ஆறு மாதத்துக்காவது முன்பக்கம் ஒரு பட்டை ஒட்டுங்கள். புதிய சுவை, புதிய தோற்றம் என்று ஒட்டத்தான் செய்கிறீர்கள்.

எழுத்தின் அளவு பற்றி நீட்டவில்லை. ஐரோப்பிய விதிப்படி சின்ன எழுத்தின் உயரம் 1.2 மில்லிமீட்டர் இருந்தால் போதும். என் வயதில் ஒருமுறை கண்ணாடி இல்லாமல் படித்துப் பாருங்கள்.

உங்கள் பொருளே வேண்டாம் என்று சொல்லும் ஆள் இல்லை நான். உண்ணி கடித்ததால் மாடு, ஆடு, பன்றி இறைச்சி எதுவும் ஆகாமல் போனவர்கள் இருக்கிறார்கள். ஆல்ஃபா-கால் என்று சொல்வார்கள். அவர்களுக்கு உங்கள் வில்லை எவ்வளவு பெரிய ஆறுதல் என்று நினைத்துப் பார்க்கிறேன். அவர்களில் சிலருக்குக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் கராஜீனன்கூட ஒத்துக்கொள்வதில்லை, அதையும் உங்களில் பலர் சேர்க்கிறீர்கள் என்பது வேறு விஷயம். என் தங்கை வீட்டிலும் சோயா வில்லை இன்னும் வாங்குகிறார்கள். பையன் விரும்பிச் சாப்பிடுகிறான், அது அவனுக்கு ஒத்துக்கொள்கிறது என்று பரிசோதித்தும் ஆயிற்று. கடையில் இப்போது பெட்டியை அவனே வாங்கித் திருப்பிப் பார்க்கிறான். ‘பட்டாணி’ என்ற சொல்லைத் தேட அவனுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. பக்கத்தில் நின்று நான் ஃப்ரீசர் கதவைப் பிடித்துக்கொள்கிறேன்.

நேற்று ஸ்கேலை எடுத்து என் மேஜைமேல் இருக்கும் பெட்டியின் முன்பக்கத்தை அளந்தேன். பச்சை இலை மட்டும் ஆறு சென்டிமீட்டர். மூன்று வட்டங்களும் ஒவ்வொன்றும் இரண்டு சென்டிமீட்டர். மூன்றாவது வட்டத்துக்கும் ஓரத்துக்கும் நடுவே மூன்றரை சென்டிமீட்டர் வெறுமையாகக் கிடக்கிறது. பேனாவால் அதில் ‘பட்டாணி’ என்று எழுதிப் பார்த்தேன். இடம் மிச்சம் இருக்கிறது.

இப்படிக்கு,
அன்று பெட்டியைப் படித்த மாமா