காக்ஸ்டனை ஒரு மதிப்பெண்ணுக்குள் அடைக்காதீர்கள்

கல்லூரிகளில் ஆங்கில இலக்கிய வரலாறு கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம்.

இங்கிலாந்தில் முதன்முதலில் அச்சுக்கூடம் நிறுவியவர் யார்? வில்லியம் காக்ஸ்டன், 1476. நான் படித்த காலத்தில் இது ஒரு மதிப்பெண் வினா. மாணவர்கள் பெயரையும் ஆண்டையும் உருப்போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். அந்த மனிதரைக் கொஞ்ச நேரமாவது வகுப்பறைக்குள் அழைத்து வாருங்கள் என்று கேட்கவே இம்மடல்.

காக்ஸ்டன் துணி வணிகர். கென்ட் பகுதியில் பிறந்து, லண்டனில் தொழில் பழகி, இன்றைய பெல்ஜியத்திலுள்ள புரூஜ் நகரில் ஆங்கில வணிகர்களுக்குத் தலைவராக உயர்ந்தவர். ட்ராய் கதைகளை 1469-ல் பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்க்கத் தொடங்கிப் பாதியில் கைவிட்டார். பர்கண்டி கோமகள் மார்கரெட் அவருடைய ஆங்கிலத்தில் திருத்தம் சொல்லி, மீதியையும் எழுதச் செய்தார். 1471-ல் கொலோன் நகரில் வேலை முடிந்தது. பிரதி கேட்டுப் பலர் காத்திருந்தார்கள். எழுதி எழுதிப் பேனா தேய்ந்தது, கை ஓய்ந்தது, கண் மங்கியது. அதனால் பெரும் பொருள் செலவிட்டு அச்சுத்தொழிலைக் கற்றேன் என்று நூலின் முடிவில் அவரே சொல்கிறார். ஆங்கிலத்தில் அச்சான முதல் நூல் அதுதான். அது அச்சானது இங்கிலாந்தில் அல்ல என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். ஐம்பதை ஒட்டிய வயதில் ஒருவர் புதுத்தொழிலில் இறங்கிய கதை இது.

1476-ல் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்திடம் வாடகைக்கு இடம் எடுத்துக் கடை திறந்தார். அவர் வெளியிட்ட கையகலத் துண்டறிக்கை ஒன்று இன்றும் இருக்கிறது. வழிபாட்டு முறை நூல் வேண்டுவோர் தம் கடைக்கு வந்தால் மலிவாகப் பெறலாம் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, இந்த அறிக்கையைக் கிழிக்க வேண்டாம் என்று அடியில் லத்தீனில் கேட்டுக்கொள்கிறது.

நான் மிகவும் வேண்டுவது கவிஞர் சாசரின் கேண்டர்பரி கதைகளின் இரண்டாம் பதிப்புக்கு, 1483 அளவில், அவர் எழுதிய முன்னுரையைத்தான். முதல் பதிப்பை வாங்கிய ஒருவர் கடைக்கு வந்து, இது பல இடங்களில் சாசர் எழுதியபடி இல்லை என்கிறார். கிடைத்த பிரதியில் இருந்ததைத்தான் அச்சிட்டேன், எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை என்கிறார் காக்ஸ்டன். தம் தந்தையிடம் நல்ல பிரதி இருக்கிறது, அவர் எளிதில் தரமாட்டார், நீங்கள் மறுபடி அச்சிடுவதானால் வாங்கித் தருகிறேன் என்கிறார் வந்தவர். காக்ஸ்டன் சம்மதிக்கிறார். அறியாமையால் ஆசிரியரின் நூலுக்குத் தீங்கு செய்துவிட்டேன் என்று எல்லோரும் படிக்கும்படி அச்சிலேயே எழுதுகிறார்.

அக்காலத்தில் சில பக்கங்களை அடித்து முடித்ததும் கோத்த ஈய எழுத்துகளைப் பிரித்து எழுத்துப் பெட்டியின் அறைகளில் போட்டுவிடுவார்கள். அடுத்த பக்கங்களுக்கு அவையே வேண்டும். ஆகவே மறுபதிப்பு என்றால் முதல் எழுத்திலிருந்து மறுபடியும் அச்சுக்கோக்க வேண்டும். அந்தச் செலவை ஏற்றுக்கொண்டதோடு, யாத்திரிகர்களின் மரச்செதுக்குப் படங்களையும் சேர்த்தார். திருத்தம் முழுமையாக இல்லை என்று அறிஞர்கள் காட்டுகிறார்கள். பழைய அச்சுப் பிரதியையே அடிப்படையாக வைத்து அங்கங்கே மாற்றியிருக்கிறார். இருந்தும், வாசகர் சொல் கேட்டுப் புத்தகத்தை மறுபடி செய்த அந்த நேர்மை எனக்குப் பெரிதாகவே படுகிறது.

ஆராய்ச்சியில் நாட்டமுள்ள மாணவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. 1485-ல் அவர் அச்சிட்ட மாலரியின் ஆர்தர் கதைகளுக்குக் கையெழுத்துப் பிரதி ஒன்று 1934-ல் வின்செஸ்டர் கல்லூரியில் கிடைத்தது. காக்ஸ்டனின் அச்செழுத்துகளின் மசித்தடம் அதில் பதிந்திருப்பதை அச்சு வரலாற்று அறிஞர் லோட்டே ஹெலிங்கா கண்டறிந்தார். அந்தப் பிரதி காக்ஸ்டனுடைய பட்டறையில் கிடந்திருக்கிறது! அச்சான நூலையும் அதையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், பதிப்பாளர் கை எங்கெங்கே பட்டது என்று மாணவர்களே தேடிப் பார்க்கலாம்.

பாடத்திட்டக் குழு கூடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்த 1483 முன்னுரை ஒரு வகுப்பு நேரத்துக்குள் படித்து முடிக்கக்கூடியது. வரும் பருவத்தில் அதைப் பிரதியெடுத்துக் கொடுங்கள். அகமதிப்பீட்டுத் தேர்வில் ஆண்டைக் கேட்கும் வினாவுக்குப் பதிலாக, அதே நூலை அவர் ஏன் இரண்டாம் முறை அச்சிட்டார் என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் துறையின் பழைய மாணவன்