மேல் வயசு வரம்பை நாம்தான் எழுத வேண்டும்

அன்புள்ள யாழினி,

உன் மெயில் கிடைத்தது. டெவிஸ் கப் குதிரைப் பந்தயத்துக்காக லீவு சொல்லிவிட்டேன், நம் குதிரை கஸ்தூரியை எனக்குக் கொடு என்று நீ எழுதியிருந்ததை அப்பா அடுப்படிக்கே வந்து படித்துக் காட்டினார். பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு. கஸ்தூரி டெவிஸுக்குப் போகப் போவதில்லை. கோபம் வந்தால் வரட்டும், கடிதத்தை மட்டும் கடைசி வரை படி.

கஸ்தூரிக்கு இப்போது 18 வயசு. மற்ற இரண்டு குதிரைகளில் டஸ்டிக்கு 16, முத்துவுக்கு 22. உன் மனசில் அவை நீ காலேஜுக்குப் போனபோது எப்படி இருந்தனவோ அப்படியேதான் இருக்கும். தினமும் பார்க்கிற எனக்கே முத்துவின் கண்ணுக்கு மேலே இருக்கும் குழி எப்போது இவ்வளவு ஆழமானது என்று தெரியவில்லை. போன மாதம் அவன் நிற்கும் இடத்தில் பாதி மென்ற புல் உருண்டை உருண்டையாகக் கிடந்தது. பல்லைப் பார்க்கிற வெட், அதாவது குதிரை டாக்டர், வந்து, கடைவாய்ப் பல் ஒன்று தேய்ந்து போய்விட்டது, இனி புல்லை மட்டும் நம்பாதீர்கள் என்றார். இப்போது பீட்ரூட் சக்கையையும் அல்ஃபால்ஃபா கட்டியையும் வெந்நீரில் ஊறவைத்துக் கொடுக்கிறேன். அந்த வாளியைப் பார்த்துவிட்டால் மற்ற இருவருக்கும் பொறாமை.

டெவிஸ் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1955-ல் வெண்டல் ரோபி தொடங்கியதிலிருந்து அதே கணக்குதான்: 100 மைல், 24 மணி நேரம். விடியலில் கலிஃபோர்னியா மலையில் ரோபி பார்க்கில் கிளம்பி, 8,700 அடிக்கு மேலே எமிகிரன்ட் பாஸ் ஏறி, ராபின்சன் ஃப்ளாட்டில் வெட் பார்த்து, அப்புறம் அந்தப் பள்ளத்தாக்குகள். ஏற்றத்தைவிட இறக்கம்தான் எனக்குப் பயம். ஏறும்போது இதயமும் நுரையீரலும் உழைக்கும், அதைப் பழக்கிவிடலாம். மைல் கணக்கில் செங்குத்தாக இறங்கும்போது அடி முழுக்க முன்னங்காலில் விழும். 18 வயசு கால்மூட்டை எந்தப் பயிற்சியும் 8 வயசு கால்மூட்டாக்காது. அதோடு மத்தியானம் பள்ளத்தாக்குக்குள் வெயில் 100 ஃபாரன்ஹீட்டைத் தாண்டும். அந்தச் சூட்டில் ஒரு குதிரை மணிக்கு 10, 15 லிட்டர் வியர்வை விடும். வயசான குதிரைக்கு உடம்புச் சூடு சீக்கிரம் ஏறும், மெதுவாகத்தான் இறங்கும். கிளம்புகிற குதிரைகளில் ஏறக்குறைய பாதிதான் பந்தயம் முடிகிற ஆபர்ன் வந்து சேர்கின்றன, அதுவும் நல்ல வயசில் இருப்பவற்றையும் சேர்த்து.

நீ கேட்பாய், வழி நெடுக வெட் இருக்கிறார்களே, ஆகாது என்றால் நிறுத்திவிட மாட்டார்களா என்று. நிறுத்துவார்கள். ஆனால் விதிப் புத்தகத்தை எடுத்துப் பார். டெவிஸில் குதிரைக்குக் குறைந்தது 6 வயசு ஆகியிருக்க வேண்டும். இந்த நெடுந்தூரப் பந்தயங்களுக்கு விதி எழுதுகிற அமெரிக்கச் சங்கமான ஏ.இ.ஆர்.சி.யின் 50 மைலுக்கு 5 வயசு. எல்லாம் குட்டியைக் காப்பாற்ற எழுதியது. இத்தனை வயசுக்கு மேல் கூடாது என்று எங்கேயும் இல்லை. அதை அந்தந்தக் குதிரைக்காரர்தான் எழுதிக்கொள்ள வேண்டும். கேம்ப்புக்குப் போய் நம்பர் குத்திக்கொண்ட பிறகு எழுத முடியாது, அங்கே புத்தி வேலை செய்யாது. சீசன் டிசம்பர் 1-ல் தொடங்குகிறதே, அதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து எழுதிவிட வேண்டும்.

கஸ்தூரியைக் கேட்டால் போகலாம் என்றுதான் சொல்வாள். டிரெய்லர் கதவைத் திறக்கிற சத்தம் கேட்டாலே வேலியோரம் வந்து நிற்கிறாள். அரபுக் குதிரையின் குணமே அது, தனக்கு வயசாகிவிட்டது என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் நான் அவள் முகத்தைப் பார்க்காமல் ஸ்டெதாஸ்கோப்பைப் பார்க்கிறேன். போன ஞாயிறு மேட்டில் ஏற்றிவிட்டு இறங்கி, இடது முழங்கைக்குப் பின்னால் வைத்துக் கேட்டேன். பல்ஸ் நிமிஷத்துக்கு 64-க்கு வந்துவிட்டாள், முன்பைவிடத் தாமதமாக. பிறகு பந்தய வழியில் வெட் செக்கில் செய்கிற மாதிரியே 125 அடி போய்த் திரும்ப டிராட், அதாவது மிதமான ஓட்டம், ஓட்டினேன். ஓடத் தொடங்கி ஒரு நிமிஷம் ஆனதும் எண்ணினால் 70. பல்ஸ் ஏறாமல் இருக்க வேண்டிய இடத்தில் ஏறுகிறது. வலது பின்னங்காலும் முதல் பத்து நிமிஷம் கொஞ்சம் குட்டையாக விழுகிறது, சூடேறியதும் சரியாகிவிடுகிறது. இப்போதெல்லாம் நல்ல நடை நடந்த பிறகுதான் டிராட்டே.

எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஒரே குதிரை, ஒரே ஆள், 10 சீசன், ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு 50 மைல் என்று டெகேட் டீம் விருது இருக்கிறதே, கஸ்தூரிக்கும் எனக்கும் அதில் ஒரு சீசன்தான் பாக்கி. அந்த ஒன்றுக்காக அவளை இழுக்கிறேனோ என்று ராத்திரியில் யோசிக்கிறேன். அதனால் அவளுக்கு இந்த வருஷம் ஒரே ஒரு 50. ஏப்ரலில், வெயில் வருவதற்கு முன், ஏற்ற இறக்கம் அதிகம் இல்லாத பாதையில். 12 மணி நேரம் இருக்கிறது, முழுவதையும் எடுத்துக்கொள்வோம். கடைசியாக வருகிறவருக்குக் கொடுக்கிற ஆமைப் பரிசு கிடைத்தால் அடுப்படியில் மாட்டுவேன். முதல் வெட் செக்கில் கால் சரியில்லை என்றால் விருதும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவேன்.

டஸ்டிதான் இந்த வருஷம் உழைக்கப் போகிறவன். மார்ச்சில் ஒரு 50, மே மாதம் ஒரு 50. ஓடின ஒவ்வொரு 10 மைலுக்கும் ஒரு நாள் ஓய்வு என்பது பழைய கணக்கு, அவனுக்கு நான் அதை இரட்டிப்பாக்குகிறேன். ஆனால் குளிர்காலம் முழுக்கக் கட்டிப்போட மாட்டேன். வயசான குதிரை ஒரு தடவை தளர்ந்துவிட்டால் பழைய நிலைக்குக் கொண்டுவருவது பெரும்பாடு. செப்டம்பரில் நெவாடாவின் வர்ஜீனியா சிட்டி 100 எனக்கு ஒரு ஓரமாக மனசில் இருக்கிறது. அப்பா வேண்டாம் என்கிறார். டிரெய்லர் ஓட்டுவதும் தண்ணீர் சுமப்பதும் அவர், அதனால் அவருக்கும் ஓட்டு உண்டு. ஜூலையில் பார்த்துக்கொள்ளலாம்.

முத்து விஷயத்தில்தான் நீ எனக்கு வேண்டும். அக்டோபரில் 25 மைல் ஒன்று இருக்கிறது. காலையில் குளிர், ஆறு மணி நேரம். 25-ல் முடிவுக் கோட்டைத் தாண்டியதும் நேரம் நிற்காது, பல்ஸ் 60-க்கு இறங்கினால்தான் முடித்த கணக்கு. அவசரக்காரர்களுக்கு அது பிடிக்காது, முத்துவுக்கு அதுதான் நல்லது. அவன்மேல் நீ உட்கார்ந்தால் பாதி தூரம் இறங்கி நடப்பாய் என்று எனக்குத் தெரியும், சின்ன வயசிலேயே அப்படித்தான். நான் டஸ்டியில் கூட வருகிறேன். செப்டம்பர் கடைசியில் அவனுக்கு ரத்தம் எடுத்து, வெட் சரி என்று சொன்ன பிறகுதான் பணம் கட்டுவேன். அவர் வேண்டாம் என்றாலும் நீ வா, மூன்று பேரையும் குளிப்பாட்ட ஆள் வேண்டும்.

டெவிஸுக்கு எடுத்த லீவை வீணாக்காதே. டெவிஸ் வழியில் இருக்கிற ஃபாரஸ்ட்ஹில்லில் தொண்டர்கள் எப்போதும் வேண்டும். 68 மைல் முடித்துவிட்டு அந்தியில் வருகிற குதிரைகளுக்குப் பல்ஸ் பார்க்கிற வேலையைக் கேட்டு வாங்கித் தருகிறேன்.

அக்டோபர் டிக்கெட்டை இப்போதே போடு, ரத்து செய்தால் பணம் திருப்பிக் கொடுக்கிற டிக்கெட்டாகப் பார். கூடத்தில் தொங்குகிற உன் ஹெல்மெட் பழசாகிவிட்டது, அதைப் போடவிட மாட்டேன். புதிதாக ஒன்று கடையில் போட்டுப் பார்த்து வாங்கிக்கொண்டு வா.

அன்புடன்,
அம்மா