48 மணித்தியாலக் கணக்கு

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

சென்ற மாதம் உங்கள் சுகாதாரப் பக்கத்தில் பெட்டி கட்டி, தடித்த எழுத்தில் ஒரு வரி போட்டிருந்தீர்கள்: இன்புளுவென்சா தொடங்கி 48 மணித்தியாலம் கடந்தால் வைரஸ் எதிர்ப்பு மருந்தால் பலனில்லையாம். எழுதியவர் எந்த வார்ட்டைக் கண்டாரோ, நான் கண்டதைச் சொல்கிறேன்.

என் கணவருக்கு 71 வயது, சீனி வருத்தமும் உண்டு. மூன்று நாள் காய்ச்சலுக்கு மல்லித்தண்ணி, பனடோல், தெருமுனை டொக்டர் தந்த அன்டிபயோட்டிக். வைரஸுக்கு அது வேலை செய்யாது என்று சாதாரண தர வகுப்புக்கு 30 வருடம் படிப்பித்தவள் நான். அன்று வாயைத் திறக்கவில்லை. நாலாம் நாள் மூச்சு வாங்கியது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். பரிசோதனை முடிவுக்குக் காத்திராமலே டொக்டர் ஒசெல்டமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை எழுதினார். வழக்கமாக 75 மில்லிகிராம், இரண்டு வேளை, 5 நாள். இவருக்குச் சிறுநீரகம் பலவீனம் என்பதால் 30 ஆகக் குறைத்தார். வார்ட்டில் மருந்து முடிந்துவிட்டதாம், மருந்துத் துண்டைத் தந்து வெளியில் வாங்கச் சொன்னார்கள்.

மகன் போனில் உங்கள் வரியைக் காட்டினான். "நாலு நாளாச்சே அம்மா, இனி வாங்கி என்ன?" துண்டு இரவு முழுக்க என் கைப்பையில் கிடந்தது.

காலையில் டொக்டர் இவரின் கட்டில் டிக்கட்டைப் புரட்டிவிட்டு, "மருந்து எங்கே?" என்றார். வீட்டிலேயே சமாளிக்கக்கூடிய காய்ச்சலுக்குத்தான் அந்த 48 மணித்தியாலக் கணக்காம். ஆஸ்பத்திரியில் படுத்தவருக்கு முந்தினால் நல்லது, பிந்தினாலும் தொடங்க வேண்டுமாம். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யும் அதையே சொல்கிறது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2024 வழிகாட்டியும், சான்று பலமில்லை என்று ஒப்புக்கொண்டே, கடும் இன்புளுவென்சாவுக்கு இதைப் பரிந்துரைக்கிறது. உங்களுக்குத் தெரியாததா?

இவர் இப்போது வீட்டில் இருமிக்கொண்டிருக்கிறார். மருந்தால் தேறினாரா, தானாகத் தேறினாரா, எனக்குத் தெரியாது. அந்த ஒரு இரவுக்கு யார் பொறுப்பு?

அந்தத் துண்டுடன் காலி வீதியில் மூன்று பாமசி ஏறி இறங்கினேன். அதில் ஒரு தமிழ் எழுத்து இல்லை. தமிழ் அரச கரும மொழியானது 1987இல்! இதைப் பற்றிப் போன வருடமே உங்களுக்கு எழுதினேன். இடமில்லை என்றீர்கள். அந்த வாரம் ராசிபலனுக்கு அரைப் பக்கம்.

சரி, கேட்பது சிறியதுதான். ஒரு திருத்தம் போடுங்கள், அதே பக்கத்தில், அதே பெட்டியில், அதே தடிப்பில். மரண அறிவித்தல்களுக்குக் கீழே பொடி எழுத்தில் வேண்டாம், எங்கள் வயதில் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பார்க்கிறோம் என்றாலும்.

ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 6.