போர்க்காயம் பட்டவர்களின் கோப்பில் விடுபட்ட ஒரு வரி: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நிர்வாகங்களுக்குத் திறந்த மடல்

பெறுநர்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர்கள், இரு மாவட்டங்களின் முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர்கள், எங்கள் பகுதி ஆட்கள் பணியாற்றிய படைப்பிரிவுகளின் ரெக்கார்டு ஆபீஸ் (படைவீரர் ஆவணங்களை வைத்திருக்கும் அலுவலகம்) அதிகாரிகள்.

ஐயா, அம்மா, வணக்கம்.

1965-இலும் 1971-இலும் எல்லையில் குண்டடி பட்டவர்கள், 1987-க்கும் 1990-க்கும் இடையில் இலங்கையில் கண்ணிவெடியில் சிக்கியவர்கள், 1999-இல் கார்கிலில் ஷெல் சில்லு தைத்தவர்கள் என்று போர்க்காயத்தோடு ஊர் திரும்பியவர்களில் பலருக்கு உடம்பில் தழும்பு இருக்கிறது, காகிதத்தில் காயம் இல்லை. வயது எழுபதையும் எண்பதையும் தாண்டிய பிறகு அவர்கள் அங்கீகாரம் கேட்டு மனு எழுதுகிறார்கள். அந்த மனுக்கள் ஏன் திரும்பி வருகின்றன, திரும்பாமல் இருக்க மாவட்ட அளவில் என்ன செய்ய முடியும் என்பதை எழுதவே இந்த மடல். அங்கீகாரம் கொடுக்கும் அதிகாரம் மாவட்டத்துக்குக் கிடையாது என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் கோப்பை உருப்படியாகக் கட்டி அனுப்பும் வேலையை மாவட்டம்தான் செய்ய முடியும்.

மூன்று தனித்தனி விஷயங்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான் முதல் சிக்கல் தொடங்குகிறது. ‘பேட்டில் கேஷுவல்டி’ (சண்டையில் அடிபட்டவர்) என்ற பதிவு ஒன்று. பராக்ரம் பதக் என்றும் அழைக்கப்படும் ஊண்ட் மெடல் (காயம் பட்டவருக்கான பதக்கம்) இன்னொன்று. வார் இஞ்சுரி பென்ஷன் (போர்க்காய ஓய்வூதியம்) மூன்றாவது. முதலாவது இல்லாமல் மற்ற இரண்டும் நகராது. காயம் எதிரியின் நேரடித் தாக்குதலால் வந்தது என்று யூனிட் சிக்னல் (ராணுவச் செய்தி) அனுப்பி, பார்ட் டூ ஆர்டர் (ஆளைப் பற்றிய நிகழ்வுகளைப் பதியும் ஆணை) வெளியாகி, அது ஷீட் ரோலில் (படைவீரரின் பணிப் பதிவேட்டில்) ஏறியிருக்க வேண்டும். ‘ஃபிசிக்கல் கேஷுவல்டி’ (எதிரியால் அல்லாத காயம் அல்லது நோய்) என்றோ, வெறும் ‘மருத்துவமனையில் சேர்ப்பு’ என்றோ ஏறியிருந்தால் அதைத் திருத்துவதுதான் முதல் வேலை. அதை விட்டுவிட்டு ஒரே மனுவில் பதக்கம், பென்ஷன், வீட்டுமனை, பேரனுக்கு வேலை என்று நான்கையும் கேட்டால், அது நான்கு மேசைகளுக்குப் போய் எங்கும் முடியாது.

பதிவு எப்படி விடுபடுகிறது? அடிபட்டவரை ரெஜிமென்டல் எய்ட் போஸ்டில் (யூனிட்டின் முதலுதவி நிலையத்தில்) கட்டுப்போட்டு மறுநாளே மீண்டும் நிலைக்கு அனுப்பிவிட்டால், சண்டை நடக்கும் நேரத்தில் யாரும் சிக்னல் எழுதுவதில்லை. பலத்த காயமென்றால் அட்வான்ஸ்டு டிரெஸ்ஸிங் ஸ்டேஷன், ஃபீல்டு ஹாஸ்பிடல், பேஸ் ஹாஸ்பிடல் என்று கைமாறிப் போகிறார். குணமானதும் பழைய யூனிட்டுக்குப் போகாமல் டெப்போவுக்கு அனுப்பப்படுகிறார். காயம் பட்டதைப் பார்த்த யூனிட் ஒரு பக்கம், ஆர்டர் வெளியிடும் அலுவலகம் வேறு பக்கம். பின்னாளில் ரிலீஸ் மெடிக்கலில் (பணி முடியும்போது நடக்கும் மருத்துவப் பரிசோதனையில்), சீக்கிரம் வீட்டுக்குப் போனால் போதும் என்று எதையும் சொல்லாமல் ஷேப்-ஒன் (முழு உடல்தகுதி) வாங்கிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. காது கேட்காமல் போனவர்கள் பெரும்பாலும் இந்த வகை.

பணத்தில் இதனால் வரும் வித்தியாசம் சிறியதல்ல. 1996 ஜனவரி 1-க்குப் பிறகு வெளியே வந்தவர்களுக்குப் பாதுகாப்பு அமைச்சகத்தின் 2001 ஜனவரி 31 ஆணை பொருந்தும். அதில் ஏ முதல் இ வரை ஐந்து பிரிவுகள். சர்வதேசப் போர், வெளிநாட்டில் அமைதிப்படைப் பணி, எல்லை மோதல், கண்ணிவெடி பதிப்பதும் அகற்றுவதும், ஆபரேஷனல் டியூட்டியில் தீவிரவாதத் தாக்குதல் ஆகியவை இ பிரிவு. கடைசிச் சம்பளக் கணக்கு 40,000 ரூபாய், ஊனம் 40 சதவீதம் என்று ஒரு மாதிரிக்கு எடுத்துக்கொள்வோம். 50-க்குக் கீழ் உள்ளது 50 என்று முழுமையாக்கப்படும். சாதாரண டிஸபிலிட்டி எலிமென்ட் (ஊனத்துக்கான மாதத் தொகை) சம்பளத்தில் 30 சதவீத அடிப்படை, ஊனம் 50 என்பதால் அதில் பாதி, மாதம் 6,000. அதே காயம் வார் இஞ்சுரியாகி, சர்வீஸில் தொடர்ந்து பிறகு ஓய்வு பெற்றவரென்றால் 60 சதவீத அடிப்படை, 12,000. காயத்தாலேயே வெளியே அனுப்பப்பட்டவரென்றால் முழு அடிப்படை, 20,000. சர்வீஸ் எலிமென்ட்டும் (பணிக்காலத்துக்கான தொகை) அகவிலை நிவாரணமும் தனி. இந்த முழுமையாக்கல் காயத்தால் வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டும்தான் என்றிருந்ததை, ராம் அவதார் வழக்கில் 2014 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் வழக்கமான ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்றாக்கியது.

ஒன்றை முதலிலேயே விசாரித்துவிட வேண்டும். சர்வீஸில் இருக்கும்போதே அந்தக் காயத்துக்கு மாதத் தொகைக்குப் பதிலாக மொத்தத் தொகை வாங்கியிருந்தால், அதே காயத்துக்கு மறுபடி மாதத் தொகை கேட்க முடியாது. இதைக் கேட்காமலேயே கோப்பு கட்டி, இரண்டு வருடம் அலைந்த பிறகு தெரிய வருவது பெரிய கொடுமை.

எங்கள் மாவட்டங்களுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1965 அக்டோபர் 2 அன்று. அந்த ஆண்டுப் போர் நின்றது செப்டம்பர் 23 அன்று. ஆக, 1962-இலோ 1965-இலோ அடிபட்டவரின் ஷீட் ரோலில் சொந்த ஊர் சேலம் ஜில்லா என்றே இருக்கும். 1971-இல் அடிபட்ட ஊத்தங்கரைக்காரருக்குத் தருமபுரி மாவட்டம். 2004 பிப்ரவரி 9-க்குப் பிறகு அவரே கிருஷ்ணகிரி மாவட்டம். ஆதாரில் ஒரு மாவட்டம், டிஸ்சார்ஜ் புக்கில் வேறு மாவட்டம், பெயரில் இனிஷியல் ஒரு இடத்தில் முன்னால், இன்னொரு இடத்தில் விரித்து எழுதிப் பின்னால். வெளி மாநிலத்தில் உட்கார்ந்திருக்கும் எழுத்தருக்கு இது இரண்டு வேறு ஆட்களாகத் தெரிவதில் வியப்பில்லை. பதில் கடிதமும் பழைய முகவரிக்கே போகிறது.

இதற்கு மருந்து ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது. இன்ன கிராமம் முன்பு சேலம் மாவட்டம், இன்ன தேதி முதல் தருமபுரி, இன்ன தேதி முதல் கிருஷ்ணகிரி என்று ஒரே பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு சான்று. அதோடு டிஸ்சார்ஜ் புக்கிலுள்ள பெயரும் ஆதாரிலுள்ள பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று வட்டாட்சியர் தரும் சான்று. இந்த இரண்டும் முதல் மனுவோடு சேர்ந்தே போனால் பாதிக் கேள்விகள் எழாது.

திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுக்கப்படும் தமிழ் மனு அப்படியே ரெக்கார்டு ஆபீஸ் உள்ள நாசிக் ரோடுக்கோ ஜபல்பூருக்கோ அனுப்பப்பட்டால் அங்கே அதைப் படிக்க ஆள் இருக்காது. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் (பொறியாளர் படை) என்றால் பெங்களூரு, பீரங்கிப் படை நாசிக் ரோடு, சிக்னல்ஸ் (தகவல் தொடர்புப் படை) ஜபல்பூர், இ.எம்.இ. (மின், இயந்திரப் பொறியாளர் படை) செகந்திராபாத். ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரு முகப்புக் கடிதம் போக வேண்டும். ஆர்மி நம்பர், ரேங்க், யூனிட், கம்பெனி, சம்பவ தேதி, செக்டர், சேர்க்கப்பட்ட மருத்துவமனை, பி.பி.ஓ. (பென்ஷன் ஆணை) எண். அவ்வளவு போதும், வீரவரலாறு வேண்டாம். சம்பவ தேதியும் மருத்துவமனையில் சேர்த்த தேதியும் வேறு வேறாக இருக்கும். மறந்துபோய் இரண்டையும் ஒன்றாக எழுதினால் முரண்பாடு என்று மனு நிராகரிக்கப்படும். தேதி சரியாக நினைவில்லை என்றால் மாதத்தை மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

மனுவுக்கு முன்பே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு ரெக்கார்டு ஆபீஸுக்கு ஒரு விண்ணப்பம் போடுவது நல்லது. ஷீட் ரோல், காயத்தைப் பற்றிய பார்ட் டூ ஆர்டர், மருத்துவமனை கேஸ் ஷீட், மெடிக்கல் போர்டு நடவடிக்கைகள், கேஷுவல்டி பட்டியலில் அவர் பெயர் உள்ள பக்கம் என்று பெயர் சொல்லி நகல் கேட்க வேண்டும். ‘என் ஆவணம் எல்லாம்’ என்று கேட்டால் எதுவும் வராது. பென்ஷன் இல்லாமல் குறுகிய சர்வீஸில் வந்தவர்களின் கோப்பு 25 ஆண்டுக்குப் பின் விதிப்படி அழிக்கப்பட்டிருக்கும். லாங் ரோல் (பெயர்ப் பதிவேடு) மட்டும் மிஞ்சும். அப்போது அழிக்கப்பட்டதற்கான பதிலை எழுத்தில் வாங்கி வைக்க வேண்டும். மேல்முறையீட்டில் மாற்றுச் சான்றுகளை ஏற்கக் கேட்பதற்கு அதுதான் ஆதாரம்.

மாற்றுச் சான்று என்பது பெரும்பாலும் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கும். காயம் பட்டதாகக் குடும்பத்துக்கு வந்த தந்தி, 56 ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் நிலையம்) முத்திரை விழுந்த கடிதம், மருத்துவமனை டிஸ்சார்ஜ் சீட்டு. அந்தச் சீட்டில் ‘ஜி.எஸ்.டபிள்யூ.’ என்றிருந்தால் துப்பாக்கிக் குண்டுக் காயம். ‘ஸ்பிளின்டர்’ என்றிருந்தால் சில்லு. வீட்டிலுள்ளவர்களுக்கு இது தெரியாததால் மருந்துச் சீட்டென்று எறிந்துவிடுகிறார்கள். பதக்கங்களும் உதவும், ஓரளவுக்குத்தான். 1971-இன் பூர்வி ஸ்டார், பஸ்சிமி ஸ்டார், இலங்கைப் பணிக்கான மெடல், கார்கிலுக்கான ஆப் விஜய் ஸ்டார் எல்லாம் அவர் அந்த இடத்தில் இருந்ததைக் காட்டும், அடிபட்டதைக் காட்டாது. உடன் இருந்தவர் தரும் உறுதிமொழிப் பத்திரத்தில் அவருடைய ஆர்மி நம்பரும் அப்போதைய யூனிட்டும் இருக்க வேண்டும். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். ஒரே வாசகத்தை மூன்று பேருக்கு டைப் அடித்துக் கையெழுத்து வாங்கினால் மூன்றும் வீண்.

உடம்பே தரும் சான்றைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. அங்கே எக்ஸ்ரே எடுக்கும்போது தழும்பின் மேல் ஒரு உலோகக் குறியை ஒட்டி, நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டு படம் எடுக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே தெரியும் சில்லுக்கும் வெளியே உள்ள தழும்புக்கும் தொடர்பு காட்ட முடியும். ரேடியாலஜிஸ்ட் அறிக்கையில் ‘உலோக அடர்த்தியுள்ள அந்நியப் பொருள்’ என்பதோடு மில்லிமீட்டரில் அளவும், எந்த எலும்புக்கு அருகில், எவ்வளவு ஆழத்தில் என்பதும் வேண்டும். அறுவை மருத்துவர் தழும்பின் நீளம், இடம், நுழைந்த வாயும் வெளியேறிய வாயும், கீழுள்ள தசையோடு ஒட்டியிருக்கிறதா, மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது என்பதை எழுத வேண்டும். ‘நோயாளி குண்டடி பட்டதாகச் சொல்கிறார்’ என்ற வரியால் பயனில்லை. ‘இந்தத் தழும்பு குண்டுக் காயத்தோடு பொருந்துகிறது’ என்பது பயன்படும். காதுக்கு ஆடியோகிராம் எடுத்தால், சத்தத்தால் கெட்ட காதில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் விழும். வயதால் வரும் செவிட்டுத்தன்மையில் அதிக அதிர்வெண் பக்கம் கோடு படிப்படியாகச் சரியும். முதுமை கூடக் கூட இரண்டும் கலந்துவிடும் என்பதால் இன்று எடுப்பது அடுத்த வருடம் எடுப்பதைவிட மேல். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்: சில்லு உள்ள உடம்பை எம்.ஆர்.ஐ. அறைக்குள் அனுப்பக் கூடாது. காந்தம் இரும்பை நகர்த்திவிடும். முதலில் எக்ஸ்ரே, அதைப் பார்த்து மருத்துவர் சொன்ன பிறகுதான் எம்.ஆர்.ஐ.

ரெக்கார்டு ஆபீஸ் மறுத்தால் ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் மறுக்கப்பட்டால் ஆறு மாதத்துக்குள் இரண்டாவது. பிறகு சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயம். மறுப்புக் கடிதம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ வரும். விஷயம் புரியாமல் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவதால்தான் எங்கள் பக்கம் பெரும்பாலான கெடுக்கள் தவறுகின்றன. தாமதமானால் எல்லாம் போயிற்று என்பதும் இல்லை. தர்சேம் சிங் வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் ஊனப் பென்ஷன் மறுக்கப்படுவது மாதாமாதம் தொடரும் தவறு என்று சொல்லி, நிலுவையை மட்டும் வழக்குக்கு முந்தைய மூன்று ஆண்டோடு நிறுத்தியது. ஆகவே ஒவ்வொரு மாதத் தாமதமும் அவருக்கு ஒரு மாத நிலுவை இழப்பு. இந்த நிலுவையில் பங்கு கேட்டுப் பேரம் பேசும் தரகர்கள் கிராமத்துக்கே வருகிறார்கள். உதவி இயக்குநர் அலுவலக வாசலில், இந்த வேலைக்கு யாருக்கும் பங்கு தர வேண்டியதில்லை என்று தமிழில் பெரிதாக எழுதி வையுங்கள்.

ரெக்கார்டு ஆபீஸ் அதிகாரிகளிடம் எங்கள் வேண்டுகோள் சிறியது. ‘ஆவணம் இல்லை’ என்று ஒரு வரியில் முடிக்காமல், எது இருக்கிறது, எது எந்த ஆண்டு அழிக்கப்பட்டது, எந்தச் சான்று வந்தால் மறுபரிசீலனை செய்ய முடியும் என்று எழுதுங்கள். அந்தக் காலத்து யூனிட் போர் நாட்குறிப்புகளை 25 ஆண்டுக்குப் பின் வெளிப்படுத்த 2021-இல் அமைச்சகம் கொள்கை வகுத்திருக்கிறது. ஒருவரின் பெயர் அந்த நாளின் குறிப்பில் இருக்கிறதா என்று பார்க்க அவரால் டெல்லிக்கு வர முடியாது. உங்களால் கேட்டு வாங்க முடியும்.

மாவட்ட நிர்வாகத்திடம் கேட்பது இது. முன்னாள் படைவீரர் சிறப்புக் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும் நாளில் மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒரு எலும்பு மருத்துவரையும் ஒரு காது மருத்துவரையும் உட்கார வையுங்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் ஒருவர் அதே அறையில் இருக்கட்டும். போர்க்காய மனுக்களுக்குத் தனிப் பதிவேடு வைத்து, மறுப்பு வந்த தேதிக்குப் பக்கத்தில் ஆறு மாதக் கெடுவையும் எழுதி, ஐந்தாவது மாதத்தில் அலுவலகமே தொலைபேசியில் கூப்பிடட்டும். பெங்களூருவும் வெலிங்டனும் பக்கம்தான். எண்பது வயதுக்காரர்களைத் தனித்தனியாக பஸ் ஏற்றாமல், மொத்தப் பெயர்ப்பட்டியலோடு அலுவலர் ஒருவரை அனுப்புங்கள்.

லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வரும் ஒவ்வொருவரிடமும், கணவர் இறந்தபின் வரும் அம்மாக்களிடமும், இரண்டு கேள்வி கேட்டுக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்: சண்டையில் அடிபட்டதுண்டா, எந்த மருத்துவமனையில் படுத்திருந்தார்? பென்ஷனே இல்லாமல் பென்னாகரம், அரூர், தேன்கனிக்கோட்டை மலைக் கிராமங்களில் இருப்பவர்கள் உங்கள் அலுவலகத்துக்கு வர மாட்டார்கள். அவர்களிடம் கிராம நிர்வாக அலுவலர் வழியாக இதே இரண்டு கேள்வியும் போகட்டும்.

இப்படிக்கு,
ராணுவ எழுத்தர்களாகவும் நர்ஸிங் அசிஸ்டென்ட்களாகவும் பணியாற்றி ஓய்வு பெற்ற சிலர்,
தருமபுரி – கிருஷ்ணகிரி.