கலகலப்பில்லாத ஆசிரியருக்காக: துறைத்தலைவருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய துறைத்தலைவர் மேடம் அவர்களுக்கு,

வணக்கம். பருவ இறுதியில் மாணவர்கள் நிரப்பித் தந்த கருத்துப் படிவங்களில் நம் துறையின் இளம் உதவிப் பேராசிரியருக்குப் புள்ளிகள் குறைந்ததாகவும், வகுப்பில் இன்னும் கலகலப்பாக இருக்கும்படி தாங்கள் அவருக்கு அறிவுறுத்தியதாகவும் அறிந்தேன். அந்த அறிவுரையைத் தாங்கள் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

ஆசிரியரின் இயல்பு மாணவரின் மனநிறைவைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. 1993இல் நளினி அம்பாடி, ராபர்ட் ரோசென்தால் ஆகிய உளவியலாளர்கள், கல்லூரி ஆசிரியர்கள் பாடம் நடத்தும் காட்சிகளை ஒலியில்லாமல் அரை நிமிடம் மட்டும் முன்பின் அறியாதவர்களுக்குக் காட்டி மதிப்பிடச் சொன்னார்கள். அந்த மதிப்பீடு, பருவம் முழுவதும் பாடம் கேட்ட மாணவர்களின் மதிப்பீட்டோடு வெகுவாக ஒத்துப்போனது. 1973இல் வெளியான ஆய்வு இன்னும் வேடிக்கையானது. டாக்டர் ஃபாக்ஸ் என்று அறிமுகப்படுத்தப்பட்ட ஒரு நடிகர், முரண்பாடுகளும் பொருளற்ற சொற்களும் மலிந்த உரையை உற்சாகமாக ஆற்ற, உளவியலும் கல்வியும் கற்ற அவையினரே அதைப் பாராட்டினார்கள். (நம் ஊர்க் கருத்தரங்குகளில் அமர்ந்து பழகியவர்களுக்கு இதில் பெரிய வியப்பு இருக்காது.)

நன்னூல் நல்லாசிரியனுக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் என நான்கு உவமைகள் சொல்கிறது. முகமலர்ச்சி மலருக்கு மட்டுமே உரியது. நிலத்துக்குப் பொறை, மலைக்குக் கலங்காத நிலை, துலாக்கோலுக்கு ஐயம் தீர்த்தலும் நடுநிலையும். நம் படிவம் பெரும்பாலும் மலரை மட்டுமே அளக்கிறது.

அந்த இளைஞர் கூச்ச சுபாவம் உள்ளவர்தான். ஆனால் இன்டர்னல் தேர்வுத் தாள்களை அடுத்த வாரமே திருப்பிக் கொடுத்துவிடுகிறார். விடை எந்த வரியில் தடம் மாறியது என்பது ஓரத்தில் சிவப்பு மையில் குறிக்கப்பட்டிருக்கும். அரக்கோணம் ரயில் தாமதமானதால் பாதி வகுப்பில் நுழைந்த மாணவனை அவர் கடிந்துகொள்ளாமல் உட்காரச் சொல்லி, மணி அடித்த பிறகு விட்டுப்போன பகுதியை வராந்தாவில் நின்றபடியே விளக்கியதை நான் பார்த்திருக்கிறேன். இவற்றுக்கெல்லாம் படிவத்தில் கட்டம் இல்லை. மேலும், அவருக்குக் கிடைத்திருப்பவை இரண்டாம் ஷிப்டின் பிற்பகல் வகுப்புகள். மே மாத வெயிலை அந்த அறைகளில் அனுபவித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக்கின் (NAAC) தர மதிப்பீட்டில் மாணவர் மனநிறைவும் கணக்கில் கொள்ளப்படுவதால் தங்கள் கவலை எனக்குப் புரிகிறது. எனினும், இயல்பில் இல்லாத கலகலப்பை ஒருவர் வலிந்து காட்டினால் நம் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். அதன்பின் அவர் சொல்லும் பாடமும் எடுபடாது.

ஆகவே, அடுத்த பருவத்துக்குப் பாடங்களை ஒதுக்கும்போது அந்த மொத்தப் புள்ளியை அளவுகோலாகக் கொள்ளாமல், தாள் திருத்தம், ஐயம் தீர்த்தல், நடுநிலை ஆகியவற்றைத் தனித்தனிக் கேள்விகளாக்கிப் பார்க்குமாறு வேண்டுகிறேன். அவர் குரல் கடைசி பெஞ்சுக்கு எட்டவில்லை என்ற குறை நியாயமானதே. அதற்கு ஒரு காலர் மைக் வாங்கிக் கொடுத்தால் போதும்.

தங்கள் உண்மையுள்ள,
துறையின் மூத்த ஆசிரியர் ஒருவர்
சென்னை