ஸ்கோஃபீல்டின் கடைசி மேடை வேடத்தை எங்களுக்கும் காட்டுங்கள்

லண்டன் நேஷனல் தியேட்டர் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். நான் நடிப்புப் பயிற்சி அளிப்பவன். ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில், ஷேக்ஸ்பியர் நாடகத்தை வைத்துப் பீட்டர் புரூக் இயக்கிய 'கிங் லியர்' படத்தின் தொடக்கத்தைப் போட்டுக் காட்டுவேன். டென்மார்க்கின் குளிரில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். வாய் திறக்காத முகங்களின்மீது கேமரா மெல்ல நகர்கிறது. துளி ஓசை இல்லை. பிறகு, லியராக நடிக்கும் ஆங்கில நடிகர் பால் ஸ்கோஃபீல்டின் முகம். 'நோ' என்கிறார். ஆங்கிலத்தில் 'அறிக' என்பதும் 'இல்லை' என்பதும் காதுக்கு ஒன்றுதான். நாட்டைப் பங்குபோட உட்கார்ந்திருக்கும் கிழவனின் முதல் சொல்லே மறுப்பாக வந்து விழுகிறது. வகுப்பு அப்படியே உறைந்துபோகும்.

"இவர் வேறு எதில் நடித்திருக்கிறார், ஐயா?" அடுத்து மாணவர்கள் கேட்பது இதைத்தான். அங்கேதான் என் கை வறண்டுபோகிறது.

1922-இல் பிறந்து சசெக்ஸில் வளர்ந்தவர், 2008-இல் மறைந்தவர். அரை நூற்றாண்டுக்கு மேல் மேடையே கதியென்று இருந்தவர். படங்களோ சொற்பம். 'எ மேன் ஃபார் ஆல் சீசன்ஸ்' நாடகத்தில், மன்னருக்கு இணங்க மறுத்துத் தலையை இழந்த தாமஸ் மோராக 1960-இல் லண்டன் மேடையில் ஏற்ற வேடம் 1962-இல் அவருக்கு அமெரிக்க நாடக உலகின் டோனி விருதையும், 1966-இல் படமானபோது ஆஸ்கரையும் தந்தது. படமானதால் அது பிழைத்தது. பொய்ச் சாட்சி சொல்லிவிட்டுப் போகிறவனை மோர் நிறுத்தி, அவன் கழுத்தில் தொங்கும் பதவிச் சங்கிலியைப் பார்க்கிறாரே, அந்த இடத்தை நூறு முறையாவது பார்த்திருப்பேன். தன் தலை போகப்போகிறது. அந்த முகத்திலோ ஆத்திரம் இல்லை, இவ்வளவு மலிவாகவா விலைபோனாய் என்ற வருத்தம்தான்.

ஆஸ்கர் வாங்கக்கூட அவர் போகவில்லை. 'சர்' பட்டத்தையும் வேண்டாம் என்றார். அப்படிப்பட்டவர் தன் புகழைத் தானே சேர்த்துவைப்பாரா? 1979-இல் உங்கள் மேடையில், 'அமடேயஸ்' நாடகத்தில், மோட்சார்ட்மீது பொறாமை கொள்ளும் இசையமைப்பாளர் சாலியேரியாக அவர் நடித்தார். சக்கர நாற்காலியில் சுருண்டு கிடக்கும் முதியவர், பார்வையாளர் கண்ணெதிரே மேலங்கியைக் களைந்து இளைஞராக எழும் வேடம். நாடகம் பின்னர் படமானபோது வேறொருவர் நடித்து ஆஸ்கர் வாங்கினார். அவரும் சிறந்த நடிகரே. ஆனால் ஸ்கோஃபீல்டின் சாலியேரியைக் கண்ணால் காணும் பேறு, அன்று டிக்கெட் வாங்கி உள்ளே அமர்ந்தவர்களோடு நின்றுவிட்டது. அவருடைய 1962 மேடை லியரைத்தான் ஷேக்ஸ்பியர் வேடங்களிலேயே தலைசிறந்த நடிப்பென்று ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியின் நடிகர்கள் 2004-இல் தேர்ந்தெடுத்தார்கள். எங்களுக்கு அது வெறும் செவிவழிச் செய்தி.

போனது போகட்டும். 1990-களின் நடுவிலிருந்து உங்கள் நாடகங்களைக் காப்பகத்துக்காகப் பதிவு செய்துவருகிறீர்கள். நேரில் வருவோர் முன்பதிவு செய்து பார்க்கலாம். விமானக் கட்டணம் கட்ட முடியாத மாணவன் என்ன செய்வான்? 2009 முதல் திரையரங்குகளுக்கும், 2020 முதல் இணையத்துக்கும் நாடகங்களைக் கொண்டுவந்தவர்கள் நீங்கள். வழி தெரியாதவர்கள் அல்ல. நடிகர்களின் உரிமை, ஊதியம் பற்றிய சிக்கல் எனக்கும் புரிகிறது. அவர்கள் வயிற்றில் அடிக்கும் எதையும் நான் கேட்கவில்லை. கட்டணம் வையுங்கள், பயிற்சிப் பள்ளிகளுக்கு மட்டும் என்று வரம்பு வையுங்கள்.

1996-இல் உங்கள் லிட்டில்டன் அரங்கில் நார்வே நாடகாசிரியர் இப்சனின் நாடகத்தில் ஜான் கேப்ரியல் போர்க்மனாக ஸ்கோஃபீல்ட் நடித்தார். அதுவே அவருடைய கடைசி மேடை வேடம். அதன் பதிவு உங்கள் அலமாரியில் இருக்குமானால், முதலில் அதைத் திறந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நடிப்புப் பயிற்றுநர்