ஈரத்தை எண்ணிப் பாக்க நம்ம பிள்ளைகளுக்கு சொல்லிக் குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொள்முதல் நிலையத்துல 17 சதவீதத்துக்கு மேல ஈரம் இருக்குன்னு நெல்லை திருப்பி அனுப்புதாங்கன்னு நம்ம பேப்பர்ல படிச்சேன். கல்லிடைக்குறிச்சியில மோட்டார் வைண்டிங் கடை வச்சிருக்கேன், கொஞ்சம் வயலும் உண்டு, அந்த வேதனை எனக்கும் தெரியும். ஆனா அந்த மீட்டர் எப்படி ஈரத்தை கண்டுபிடிக்குதுன்னு இங்க எலக்ட்ரானிக்ஸ் படிக்குத பிள்ளைகள்ட்ட கேட்டா பதில் வர மாட்டேங்குது, அதான் எழுதுதேன்.

ரெண்டு வருசம் முன்னாடி கடைசி வருசம் படிக்குத ஒரு பிள்ளை ப்ராஜெக்ட்டுக்கு உதவி கேட்டு வந்துச்சு, மண்ணுல ஈரம் பாக்குத சென்சார், வயல்ல இருந்து பம்புசெட் ரூம் வரைக்கும் நீளமா ஒயர் இழுத்து வோல்ட்டேஜை அர்டுயினோ யூனோங்குத சின்ன கம்ப்யூட்டர் போர்டுல படிக்குது. அதுல 5 வோல்ட்டை 1024 படியா பிரிக்குது, ஒரு படி சுமார் 5 மில்லி வோல்ட் தான், மோட்டார் ஸ்டார்ட் ஆனா போதும் ரீடிங் தாறுமாறா குதிக்கும். பாவம், சென்சார் போயிருச்சுன்னு ரெண்டு தடவை புதுசு வாங்கிருக்கு. வோல்ட்டை அனுப்பாதம்மா, பல்ஸை அனுப்புன்னு சொல்லி வயல்லயே 555ன்னு ஒரு டைமர் ஐசியை, தொடர்ந்து பல்ஸ் குடுக்குத ஆஸிலேட்டரா மாட்டி விட்டேன். ஈரம் கூடினா சென்சார் தகட்டோட கெப்பாசிட்டன்ஸ், அதாவது மின்சாரத்தை தேக்கி வைக்குத அளவு, கூடும், ஏன்னா அந்த தேக்கத்தை கூட்டுத டைஎலக்ட்ரிக் அளவு தண்ணிக்கு 80 கிட்ட, காஞ்ச மண்ணுக்கும் நெல்லுக்கும் அது ரொம்ப கம்மி. கெப்பாசிட்டன்ஸ் கூடினா ஆஸிலேட்டர் மெதுவாகும், பம்புசெட்ல ஒரு செகண்டுக்கு எத்தனை பல்ஸ் வருதுன்னு எண்ணுனா போதும். ஒயர்ல வோல்ட் கொஞ்சம் குறைஞ்சாலும் எண்ணிக்கை குறையாதுல்லா. 10,000 பல்ஸ் வந்தா ஒண்ணு முன்னப்பின்ன போனாலும் பத்தாயிரத்துல ஒரு பங்கு தான் தப்பு, வோல்ட்டை எண்ணா மாத்துத ஏடிசி தனியா எதுவும் வேண்டாம்.

இதுலயே இன்னொரு அழகு இருக்கு. களத்துல நெல் அளக்கும்போது கடைசியில அரை மரக்கால் மிஞ்சும், அதை விட்டுட்டா ஒவ்வொரு தடவையும் நட்டம், அடுத்த குவியலோட சேத்து அளந்தா மொத்த கணக்கு பிசகாது. ஆஸிலேட்டரை நிப்பாட்டாம ஓட விட்டா, எண்ணுத நேரம் முடியும்போது பாதியில நிக்குத பல்ஸ் அப்படியே அடுத்த எண்ணிக்கையில வந்து சேந்துரும். அதனால எண்ணுததுல வருத தப்பு பெரும்பாலும் வேகமா மாறுத சிக்னல் பக்கம் ஒதுங்கிரும், ஈரம் மாதிரி மெதுவா மாறுத சிக்னல் சுத்தமா கிடைக்கும், நாய்ஸ் ஷேப்பிங்னு இதுக்கு பேரு. 555 ஐசியை 1971ல ஹான்ஸ் கமென்சிண்ட் டிசைன் பண்ணுனாரு, இப்ப புது சிப்புக்குள்ளயும் கேட்டுங்குத குட்டி சர்க்யூட்டுகளை வளையமா கோத்த ரிங் ஆஸிலேட்டர் வச்சு இதே வேலையை செய்யுதாங்க. சிப் சின்னதாக ஆக சப்ளை 1 வோல்ட்டுக்கும் கீழ போகுது, வோல்ட்டை நுணுக்கமா அளக்க இடம் இல்ல, ஆனா கேட் வேகமாகிட்டே போகுது, அதனால நேரத்தை அளக்குதது சுலபமாயிருச்சு.

குறையும் உண்டு, மறைக்கக் கூடாது. மத்தியான வெயில்லயும் சப்ளை ஏறி இறங்கும்போதும் ஆஸிலேட்டர் வேகம் மாறும், வோல்ட்டை வச்சு வேகத்தை மாத்துத ஆஸிலேட்டர்னா வோல்ட் ரெட்டிப்பானா வேகமும் சரியா ரெட்டிப்பாகும்னு நம்ப முடியாது. நாங்க அதே ஆஸிலேட்டர்ல சென்சாரையும் அளவு மாறாத நல்ல கெப்பாசிட்டர் ஒண்ணையும் மாத்தி மாத்தி போட்டு ரெண்டு எண்ணிக்கையையும் வகுத்தோம், வெயிலால வந்த வித்தியாசம் பெருமளவு அடிபட்டு போச்சு. அந்த பிள்ளை முகத்துல வந்த சந்தோசத்தை எழுதத் தெரியல.

இதை ஏன் எந்த லேப்லயும் பண்ண விட மாட்டேங்குதாங்க? ரெடிமேட் மாடியூலை வாங்கி ஒயர் குத்தி மார்க் வாங்கிட்டு போயிருதாங்க. நம்ம மாவட்ட பாலிடெக்னிக்லயும் இன்ஜினியரிங் காலேஜ்லயும் ஒரே ஒரு எக்ஸ்பெரிமெண்டா இதை சேருங்க, ரெண்டு தகடு, ஒரு ஐசி, ஒரு கவுண்டர், கூடவே பிசான அறுப்புல எடுத்த ஒரு படி நெல்லு. அந்த நெல்லை அடுப்புல காய வச்சு முன்னாடியும் பின்னாடியும் எடை போட்டு பாத்தா உண்மையான ஈரம் தெரிஞ்சிரும், அதோட எண்ணிக்கையை ஒப்பிட்டு பிள்ளைகளே அட்டவணை போடட்டும். நாங்க பண்ணுன போர்டு என் கடையில தான் இருக்கு, எந்த காலேஜ் வாத்தியார் வந்து கேட்டாலும் குடுக்கேன்.

இப்படிக்கு,
ஒரு மோட்டார் வைண்டிங் கடைக்காரர்,
கல்லிடைக்குறிச்சி.